பெட்டியில் 0.600, ஹெட்டில் எவ்வளவு? வால்வ் ஸ்பிரிங் கேப் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஒருவரிடம் புஷ்ராட் (கேமின் தள்ளலை மேலே கொண்டுபோகும் கம்பி) வைத்த வி8 என்ஜின். பெரிய கேம் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு) போடுகிறார், வால்வ் லிஃப்ட், அதாவது வால்வ் திறக்கும் தூரம், 0.575 இன்ச். புதிதாக வாங்கிய டபுள் ஸ்பிரிங் செட்டின் பெட்டியில் "0.600 லிஃப்ட் வரை" என்று அச்சிட்டிருக்கிறது. 25 தௌ மிச்சம் இருக்கிறதே, அப்படியே பூட்டிவிடலாமா, இல்லை ஒவ்வொன்றாக அளந்துதான் ஆக வேண்டுமா?

அளந்துதான் ஆக வேண்டும். பதினாறு வால்வையும். ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் கேம், அதன் மேல் ஓடும் லிஃப்டர், வால்வுகள் உட்காரும் ஹெட் மூன்றையும் ஒன்றாகப் பறிகொடுத்த என்ஜின்களைப் பிரித்துப் பார்த்தவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். (தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 தௌ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பெர்ஃபார்மன்ஸ் பாகங்களின் அளவெல்லாம் பெரும்பாலும் இன்ச்சில் வருவதால் நானும் அதிலேயே சொல்கிறேன்.)

முதலில் அந்த 0.600 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது ஸ்பிரிங்கின் பிறவிக் குணம் இல்லை. ஒரு கழித்தல் கணக்கின் விடை. ஸ்பிரிங் செய்தவர் இப்படிக் கணக்குப் போட்டிருப்பார்: வால்வ் மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 1.800 இன்ச். சுற்றோடு சுற்று முழுக்க ஒட்டிக் கட்டையாகிவிடும் உயரம் 1.150. நடுவில் இருப்பது 0.650. அதில் 50 தௌ பாதுகாப்புக்காக விட்டால் மிச்சம் 0.600. எண்கள் உதாரணத்துக்குத்தான், வழி இதுதான். மூடிய நிலையில் இருக்கும் உயரத்தைக் கேட்டலாக்கில் இன்ஸ்டால்டு ஹைட் என்பார்கள்; நான் பொருத்திய உயரம் என்கிறேன். சுற்றுகள் ஒட்டிக்கொள்வது காயில் பைண்ட். அந்த உயரம் பைண்ட் உயரம்.

இப்போது கேள்வி: உங்கள் ஹெட்டில் அந்த 1.800 இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. வால்வ் சீட்டை (வால்வ் மூடும்போது உட்காரும் இடம்) வெட்டிச் சரிசெய்தால் வால்வ் ஹெட்டுக்குள் கொஞ்சம் இறங்கும், ஸ்டெம் (வால்வின் தண்டு) அந்தப் பக்கம் அதே அளவு எழும்பும், பொருத்திய உயரம் கூடும். வேறு வால்வ் போட்டால் ஸ்டெம்மைப் பிடிக்கும் லாக் உட்காரும் பள்ளத்தின் இடம் மாறும். ஸ்பிரிங்கை மேலிருந்து பிடிக்கும் தட்டான ரிடெய்னர் மாறினால் அதன் ஆழம் மாறும். ஸ்பிரிங் நகராமல் இருக்க அடியில் லொக்கேட்டர் வைத்தால் அதன் தடிமன் அப்படியே கழியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன எண்கள்தான். ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும்.

உங்கள் கேமையே வைத்துப் பார்ப்போம். வெறும் ஹெட்டில் 1.800 இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அடியில் 60 தௌ தடிமனுள்ள லொக்கேட்டர் வைத்தீர்கள், 1.740 ஆனது. வால்வ் 0.575 திறக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 1.165. பைண்ட் உயரம் 1.150. மிச்சம் 15 தௌ. பெட்டியில் பார்த்தபோது வசதியாக இருந்த கணக்கு ஒரு வளையத்தில் முடிந்துபோனது. இன்னொரு நாள், பவர் கொஞ்சம் கூடட்டும் என்று 1.5 ராக்கரை (கேமின் தள்ளலை 1.5 மடங்காக்கி வால்வை அமுக்கும் கை) கழற்றி 1.6 ராக்கர் மாட்டுகிறீர்கள். லிஃப்ட் 0.613 ஆகிறது. 1.740-இல் 0.613 போனால் 1.127. அதாவது ஸ்பிரிங் கட்டையான பிறகும் கேம் இன்னும் 23 தௌ தள்ளப் பார்க்கிறது.

அப்போது என்ன ஆகும்? ஸ்பிரிங் அந்த நொடியில் ஸ்பிரிங் இல்லை, இரும்புக் குழாய். கேம் நிற்காது. எது பலவீனமோ அது வழிவிடும். புஷ்ராட் வளையும், ராக்கர் ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும், ராக்கர் உடையும், அல்லது கேம் லோப் (கேமில் தள்ளும் மேடு) வழித்தெடுத்ததுபோல் தேயும். லாக் கழன்று வால்வ் சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால் பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போகும். முதல் முறை கிராங்க்கைக் கையால் சுற்றும்போதே இறுகி நின்றால் அது அதிர்ஷ்டம். 5 தௌ, 10 தௌ மிச்சத்தில் ஓடும் என்ஜின்தான் ஆபத்து: கையால் சுற்றினால் எல்லாம் சரியாக இருக்கும், 6,000 ஆர்.பி.எம்-இல் லிஃப்டர் லோப்பின் முனையைத் தாண்டிக் கொஞ்சம் எகிறும், அந்த எகிறலில் சுற்றுகள் மோதும்.

அதனால்தான் மிச்சம் விடுகிறோம். சாதாரண பெர்ஃபார்மன்ஸ் என்ஜினுக்கு முழு லிஃப்ட்டில் 60 தௌ, அதாவது 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. இன்றைய பல ஸ்பிரிங்குகளுக்கு 50 தௌ போதும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அவர் ஒரு எண் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் 60.

இனி அளக்கும் வேலை. முதலில் ஒவ்வொரு வால்வுக்கும் அதன் இடத்தை எண்ணிட்டு ஒதுக்குங்கள். 3-ஆம் சிலிண்டர் இன்டேக்கில் அளந்த வால்வ் 5-க்குப் போய்விட்டால் அளந்த அளவெல்லாம் வீண். ரிடெய்னரும் லாக்கும் ஓடப்போவதாகவே இருக்கட்டும், பழைய ரிடெய்னரை வைத்து அளக்காதீர்கள். லாக்கின் கோணம் ரிடெய்னரின் கோணத்தோடு பொருந்த வேண்டும்: 7 டிகிரி லாக்குக்கு 7 டிகிரி ரிடெய்னர், 10-க்கு 10. மாறிப் போனால் உயரமும் பொய், லாக்கின் பிடியும் பொய்.

பொருத்திய உயரத்துக்கு ஹைட் மைக்ரோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய்போல உட்காரும், திருகினால் நீளும். லொக்கேட்டரை வைத்து, அதன் மேல் மைக்ரோமீட்டர், மேலே ரிடெய்னர், லாக். திருகிக்கொண்டே போனால் ரிடெய்னர் மேலே எழும்பி வால்வை சீட்டில் இழுத்து உட்கார வைக்கும். கை விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள். வால்வ் தலையை அடியிலிருந்து ஒரு முறை சுற்றிப் பாருங்கள்; சீட்டில் ஒரு துளி கார்பனோ கிரைண்டிங் பேஸ்ட்டோ இருந்தால் வால்வ் முழுசாக உட்காராது, உயரம் 5 தௌ குறைத்துக் காட்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள் வெர்னியரை நேராக நிறுத்தி ரிடெய்னரின் அடிப்பக்கம் வரை அளக்கலாம். ஆனால் ரிடெய்னரை இறுக்கி மேலே பிடிக்க ஒரு கை, வெர்னியருக்கு ஒரு கை. மூன்று முறை அளந்து மூன்றும் 2 தௌவுக்குள் வந்தால்தான் நம்பலாம்.

ரிடெய்னரில் எந்த இடத்திலிருந்து அளக்கிறோம் என்பதில் நிறையப் பேர் வழுக்குவார்கள். வெளி ஸ்பிரிங் உட்காரும் படியிலிருந்துதான் அளக்க வேண்டும். உள் ஸ்பிரிங்குக்கு அதைவிடத் தாழ்வாக இன்னொரு படி இருக்கும். ஆக உள் ஸ்பிரிங்கின் பொருத்திய உயரம் வேறு, பைண்ட் உயரமும் வேறு. வெளி ஸ்பிரிங்கில் 75 தௌ மிச்சம் இருக்க, உள் ஸ்பிரிங்கில் வெறும் 20 தௌ இருப்பது அபூர்வம் இல்லை. ரிடெய்னரை ஒரு கடையிலும் ஸ்பிரிங்கை இன்னொரு கடையிலும் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பைண்ட் உயரத்தை அச்சில் இருப்பதை நம்பாமல் நீங்களே ஒரு முறை பாருங்கள். ஸ்பிரிங் டெஸ்டர் இருந்தால் அதில். இல்லாவிட்டால் நல்ல வைஸ் போதும். வைஸின் பற்கள் ஸ்பிரிங்கைக் கீறாமல் இரண்டு பக்கமும் தட்டையான அலுமினியத் தகடு வையுங்கள். வெளி, உள், நடுவில் டாம்பர் (அதிர்வை அடக்கும் தட்டைக் கம்பி) இருந்தால் அதுவும், மேலே அதற்குரிய ரிடெய்னர், எல்லாம் சேர்த்தே இறுக்குங்கள். அப்போது எது முதலில் ஒட்டுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான எல்லை. கைப்பிடி சீராக இறுகிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் சட்டென்று சுவரில் முட்டியதுபோல நிற்கும். அதற்கு மேல் முறுக்காதீர்கள். வைஸின் தாடை பாரத்தில் லேசாகச் சாயும், அதனால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். இறுகிய வால்வ் ஸ்பிரிங் நழுவினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

கணக்கில் மூன்றாவது எண் லிஃப்ட். கேம் அட்டையில் இருப்பது லோப் லிஃப்ட்டை ராக்கரின் விகிதத்தால் பெருக்கி வந்தது. ராக்கரில் 1.5 என்று பொறித்திருந்தாலும் உங்கள் புஷ்ராட் நீளத்தில், உங்கள் ஹெட் உயரத்தில் அது சரியாக 1.5 தருகிறதா என்பது அளந்தால்தான் தெரியும். ஸ்பிரிங்குக்குப் பதில் கைக்கு அமுங்கும் மெல்லிய செக்கிங் ஸ்பிரிங்கை மாட்டி, டயல் கேஜின் ஊசியை ரிடெய்னர் மேல் வைத்து, கிராங்க்கை மெதுவாகச் சுற்றுங்கள். ஊசித்தண்டு வால்வ் ஸ்டெம்முக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும், கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

ஹைட்ராலிக் லிஃப்டர் வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் நிரம்பாத ஹைட்ராலிக் லிஃப்டரை வைத்து முழு ஸ்பிரிங்கோடு அளந்தால் உள்ளே இருக்கும் பிளஞ்சர் அமுங்கிவிடும், 0.575 இருக்க வேண்டிய இடத்தில் 0.530 காட்டும். நீங்களும் மிச்சம் நிறைய இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். அளப்பதற்கென்று அதே உயரத்துக்கு ஒரு சாலிட் லிஃப்டர் வைத்துக்கொள்ளுங்கள். சாலிட் லிஃப்டர் என்ஜின் என்றால் டாப்பெட் கேப்பை (வால்வ் மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுக்கும் விடும் இடைவெளி) கழிக்க மறக்காதீர்கள்: கேம் அட்டையில் 0.595, டாப்பெட் கேப் 20 தௌ என்றால் வால்வ் உண்மையில் திறப்பது 0.575.

மூன்று எண்ணும் கையில் வந்துவிட்டால் ஸ்பிரிங் பங்கு முடிந்தது. பொருத்திய உயரத்தில் லிஃப்ட்டைக் கழி, பைண்ட் உயரத்தைக் கழி. பூட்டிய பிறகு கண்ணால் சரிபார்க்க ஒரு வழியும் உண்டு: வால்வ் முழுசாகத் திறந்து நிற்கும்போது சுற்றுகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். இயங்கும் சுற்றுகளுக்கிடையே ஐந்து இடைவெளி இருந்தால், ஒவ்வொன்றிலும் 12 தௌ தகடு தாராளமாகப் போனால் மொத்தம் 60. ஆனால் இது வெளி ஸ்பிரிங்குக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். உள்ளே இருப்பதை ஃபீலர் எட்டாது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இதுவரை சொன்னதை எல்லோரும் ஓரளவு செய்கிறார்கள். பலர் விடுவது அடுத்ததை: ரிடெய்னருக்கும், ஸ்டெம் வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. என் அனுபவத்தில் ஸ்பிரிங் ஒட்டுவதற்கு முன்பே ரிடெய்னர் சீலில் இடித்த ஹெட்டுகள்தான் அதிகம்.

நானும் அதை ஒரு முறை விட்டிருக்கிறேன். ஒரு ஹெட்டில் ஸ்பிரிங் மிச்சம் எல்லா இடத்திலும் 80 தௌவுக்கு மேல் வந்தது. மனசு நிறைந்து பூட்டிவிட்டேன். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை; அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். மறுநாளும் அப்படியே. பிஸ்டன் ரிங் என்றால் ஓடும்போதும் புகை வரும். நின்று கிளம்பும்போது மட்டும் வந்தால் எண்ணெய் வால்வ் கைடு (ஸ்டெம் ஓடும் குழாய்) வழியாக இறங்கியிருக்கிறது. ராக்கர் கவரைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தேன். நான்கு வால்வின் சீலில் மேல் விளிம்பு நசுங்கி, பூப்போல விரிந்திருந்தது. சீலின் கழுத்தைக் கட்டியிருக்கும் மெல்லிய சுருள் கம்பி ஒன்றில் கழன்று எண்ணெய் வடியும் துளையோரம் கிடந்தது. ரிடெய்னரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நடுப்பகுதியைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம், நகத்தால் தொட்டால் வழுவழுப்பு. அந்த நான்கும் புதிதாகக் கைடு மாற்றிய வால்வுகள். கைடின் தலை மற்றவற்றைவிட 40 தௌ உயரமாக நின்றிருக்கிறது. நான் சீலை அதன் மேல் அடித்து உட்கார வைத்துவிட்டுப் பார்க்காமலே மேலே போய்விட்டேன். சுருள் கம்பி எண்ணெய் பம்ப்புக்குப் போகாமல் அந்த ஓரத்திலேயே தங்கியதால் என்ஜின் தப்பியது.

அன்றிலிருந்து ஸ்பிரிங்கைத் தொடும் முன்பே இதைப் பார்த்துவிடுகிறேன். ஹெட் மேஜை மேல் இருக்கும்போதே செய்யுங்கள். என்ஜினில் பூட்டிய பிறகு என்றால் வால்வ் பிஸ்டனில் முட்டி அளவைக் கெடுக்கும். சீலை அதன் இடத்தில் முழுசாக அடித்து உட்கார வையுங்கள். வால்வ், ரிடெய்னர், லாக் மட்டும் மாட்டுங்கள், ஸ்பிரிங் வேண்டாம். ரிடெய்னரை மேலே இழுத்து வால்வ் மூடிய நிலையில் டயலைச் சுழியில் வைத்து, ரிடெய்னரின் அடி சீலைத் தொடும் வரை வால்வை மெதுவாக இறக்குங்கள். எவ்வளவு இறங்கியதோ அதில் லிஃப்ட்டைக் கழித்தால் மிச்சம் குறைந்தது 50 தௌ இருக்க வேண்டும். நான் 60 பார்ப்பேன். உங்கள் 0.575 லிஃப்ட்டுக்கு டயலில் 0.635 வரை தடையில்லாமல் இறங்க வேண்டும். டபுள் ஸ்பிரிங் ரிடெய்னரில் நடுப்பகுதி தாழ்வாக இறங்கியிருக்கும், இடிப்பதும் அதுதான். அதனால் வெளி விளிம்பைப் பார்த்து இடம் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இடம் போதவில்லை என்றால் கைடின் தலையை அதற்கான கட்டரால் சீவ வேண்டும், அல்லது உயரம் குறைந்த சீல் பார்க்க வேண்டும்.

மேலே ரிடெய்னரின் விளிம்புக்கும் ராக்கரின் வயிற்றுக்கும் இடையிலும் இடம் வேண்டும். பருமனான ஸ்பிரிங் போட்டால் ரிடெய்னரும் அகலமாகும், ரோலர் ராக்கரின் உடலில் உரசும். வால்வ் மூடியிருக்கும்போது, பாதி திறந்தபோது, முழுசாகத் திறந்தபோது என்று மூன்று இடத்தில் 40 தௌ அளவுக்குக் கம்பி ஒன்றை வளைத்து நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே உரசினால் ராக்கர் ரிடெய்னரையே அழுத்தி லாக்கைக் கழற்றிவிடும். ஸ்டட்டில் ஓடும் ராக்கர் என்றால் அதன் துளை ஓரம் ஸ்டட்டில் முட்டுகிறதா என்றும் அதே கையோடு பாருங்கள். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி தனிக் கதை. இரும்புக் கனெக்டிங் ராட் என்றால் இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்ட்டில் 100 தௌ என்பது வழக்கமான குறைந்தபட்சம்.

இடம் குறைந்தால் என்ன ஆகும் என்பதையே பேசிவிட்டோம். இடம் அதிகமானால்? இங்கேதான் "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற நினைப்பு தப்பாகிறது. நீளமான கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மறுமுனை வரை ஓடித் திரும்புகிறதே, அதேபோல கேம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்குள் ஒரு அலை ஓடுகிறது. ஸ்பிரிங்குக்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. கேமின் தள்ளல் அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் அந்த அலை வளரும். அப்போது ஸ்பிரிங்கின் நடுச் சுற்றுகள் தம் இஷ்டத்துக்கு ஆடும், ரிடெய்னருக்குக் கிடைக்கும் பிடி ஏறி இறங்கும், வால்வ் சீட்டில் மூடியதும் துள்ளும். அதிக ஆர்.பி.எம்-இல் பவர் திடீரென்று விழுவதற்கும், ஸ்பிரிங் சில மணி நேரத்திலேயே உடைவதற்கும் இது ஒரு பெரிய காரணம். முழு லிஃப்ட்டில் சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தால் அந்த அலைக்கு ஓட இடம் இருக்காது, ஒவ்வொரு திறப்பிலும் அடங்கிவிடும். அதனால்தான் ரேஸ் என்ஜின் கட்டுபவர்கள் சிலர் தெரிந்தே 30, 40 தௌ வரை நெருக்கி வைக்கிறார்கள். அவர்களுடைய புஷ்ராட், ராக்கர் எல்லாம் வளையாத கனம், ஸ்பிரிங்கை அடிக்கடி மாற்றுவார்கள். தெருவில் ஓடும் என்ஜினுக்கு அந்த விளையாட்டு வேண்டாம். ஆனால் 0.450 லிஃப்ட் கேமுக்கு 0.700 லிஃப்ட் ஸ்பிரிங் போட்டு 300 தௌ மிச்சம் வைப்பதும் பாதுகாப்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 60-க்கும் 100-க்கும் நடுவே இருந்தால் நான் திருப்தியாகப் பூட்டுவேன்.

இரட்டை ஸ்பிரிங்கின் நடுவே இருக்கும் தட்டையான டாம்பர் உரசி அலையை அடக்குவதற்குத்தான். மேலே குறுகிக்கொண்டே போகும் பீஹைவ் ஸ்பிரிங்கில் சுற்றுகளின் விட்டம் ஒரே மாதிரி இல்லாததால் எல்லாச் சுற்றும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து ஆடாது. ரிடெய்னரும் சின்னது, எடை குறைவு. உங்கள் லிஃப்ட்டுக்கும் லிஃப்டருக்கும் பொருந்தும் பீஹைவ் கிடைத்தால் அதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

இனி பிரஷர். பொருத்திய உயரம் மாறினால் இடைவெளி மட்டும் மாறாது, ஸ்பிரிங்கின் விசையும் மாறும். உதாரண ஸ்பிரிங் 1.800-இல் 130 பவுண்டு, ஒரு இன்ச் அமுக்க 380 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 0.575 திறந்தால் 130-ஓடு 218 சேர்ந்து 348 பவுண்டு. அதையே 1.740-இல் உட்கார வைத்தால் மூடிய நிலையிலேயே 153, திறந்தால் 371. ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டருக்கு இது பரவாயில்லை. ரோலர் இல்லாத ஃபிளாட் டாப்பெட் கேம் என்றால் 371 அதிகம், லோப் தேயும். அப்படிப்பட்ட கேமை முதன்முதலாக ஓடவிடும்போது உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்து, 2,000 ஆர்.பி.எம்-ஐ ஒட்டி 20 நிமிடமாவது ஓட்டி, பிறகு மாட்டுவது வழக்கம்.

பதினாறு உயரமும் ஒன்றாக வராது. 15, 20 தௌ வித்தியாசம் சகஜம். எது குறைந்ததோ அதற்கு மற்றவற்றை ஷிம் (அடியில் வைக்கும் வளையத் தகடு) வைத்து இறக்குங்கள். ஷிம் பொதுவாக 15, 30, 60 தௌவில் கிடைக்கும். மேலே சொன்ன ஸ்பிரிங்கில் 15 தௌ என்றால் சுமார் 6 பவுண்டு. அதனால் 5 தௌ வித்தியாசத்துக்கு உயிரை விட வேண்டாம், 20 தௌ வித்தியாசத்தை விட்டுவிடவும் வேண்டாம். ஷிம் கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும், லொக்கேட்டருக்கு அடியில் போக வேண்டும். அலுமினிய ஹெட்டில் ஸ்பிரிங் நேரடியாக ஹெட் மேல் உட்காரவே கூடாது, அரித்துக் குழி பறித்துவிடும். குழி ஆழமானால் உயரம் கூடும், பிரஷர் போகும்.

எல்லாமே குறைவாக வந்தால், அதாவது உங்கள் உதாரணத்தில் 1.740 இருந்து 1.800 வேண்டும் என்றால், முதலில் 50 தௌ உயர்த்தும் லாக்கைப் பாருங்கள். லாக்கின் உள் வரி இடம் மாறியிருக்கும், ரிடெய்னர் 50 தௌ மேலே உட்காரும், சீலிலிருந்தும் அதே அளவு தள்ளிப் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் ராக்கருக்கு அதே 50 தௌ நெருங்கும். மேல்பக்க இடைவெளியைத் திரும்ப அளந்தாக வேண்டும். அதற்கு அடுத்தது, ஆழம் கூடிய வேறு ரிடெய்னர் அல்லது நீள ஸ்டெம் வால்வ். நீள ஸ்டெம் போட்டால் ராக்கர் உட்காரும் கோணமும் புஷ்ராட் நீளமும் மாறும். ஹெட்டின் ஸ்பிரிங் மேடையை வெட்டி ஆழப்படுத்துவதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். அதன் அடியில் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது. ஒவ்வொரு ஹெட்டிலும் தடிமன் வேறு, துளைத்துவிட்டால் திரும்பி வராது. பல நேரம் உயரத்தோடு மல்லுக்கட்டுவதைவிட பைண்ட் உயரம் குறைந்த வேறு ஸ்பிரிங் வாங்குவதே மலிவு.

ஓவர்ஹெட் கேம், பக்கெட் டாப்பெட் வைத்த என்ஜின்களுக்கும் கழித்தல் இதேதான். ராக்கர் இல்லாததால் லிஃப்ட் கணக்கு எளிது: கேம் லிஃப்ட்டில் டாப்பெட் கேப்பைக் கழித்தால் போதும். அங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டியது, உயரம் கூடிய லோப்பின் மூக்கு பக்கெட் ஓடும் குழியின் விளிம்பில் உரசுகிறதா என்பது.

ஸ்பிரிங்கைக் கையாளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பியின் மேல்தோல்தான் அதன் உயிர். ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது, பிளையரால் பிடிப்பது, தரையில் உருட்டுவது எல்லாம் கீறல் போடும்; ஒரு கீறலோ துருப்புள்ளியோ போதும், பின்னால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பெட்டியிலிருந்து எடுத்ததும் காப்பு எண்ணெயைத் துடைத்துவிட்டு என்ஜின் ஆயிலில் போட்டு வையுங்கள். எடுக்கும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள்.

பூட்டும்போது ஒரு தாளில் பதினாறு வரி எழுதுங்கள்: வால்வ், பொருத்திய உயரம், வைத்த ஷிம், சீட் பிரஷர் (வால்வ் மூடிய நிலையில் ஸ்பிரிங்கின் விசை), ஸ்பிரிங் மிச்சம், சீல் மிச்சம். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ராக்கர் கவரைக் கழற்றி, ஹெட்டில் வைத்தே அளக்கும் டெஸ்டரால் சீட் பிரஷரைத் திரும்பப் பாருங்கள். புதிய ஸ்பிரிங் முதல் சூட்டில் சில பவுண்டு விடுவது இயல்பு, அது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். பதினைந்தில் 4, 5 பவுண்டு இறங்கி, ஒன்றில் மட்டும் 15 இறங்கியிருந்தால் அந்த ஒன்றை அன்றே கழற்றுங்கள். உள் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது உடையத் தொடங்கியிருக்கும்.